தைலமா, மிட்டாயா? மூக்கு எப்படி முடிவு செய்கிறது

டெக்சாஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கூட வேலை செய்பவர் வட்ட டப்பாவிலிருந்து ஈரமான புகையிலைத் தூளை ஒரு சிட்டிகை எடுத்துக் கீழுதட்டுக்குள் அதக்கிக்கொள்கிறார். டப்பாவைத் திறந்தாலே அயோடெக்ஸ் வாடை. அதைப் போய் எப்படி ஆசையாக வாயில் வைக்கிறார்கள்?"

அவர் மூக்கு சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. இரண்டிலும் இருப்பது மெத்தில் சாலிசிலேட் என்ற வேதிப்பொருள். வட அமெரிக்கக் காடுகளில் தரையோடு படரும் விண்டர்கிரீன் செடியின் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க இதுதான். நம் நீலகிரியிலும் இதற்கு ஒரு உறவுச் செடி உண்டு. ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் விண்டர்கிரீன் தைலமும் விற்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்கோல் என்ற புகையிலை 1934லேயே இந்த மணத்தோடு சந்தைக்கு வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புகையிலைச் செடியை மொசைக் வைரஸ் தாக்கினால் அந்தச் செடியே மெத்தில் சாலிசிலேட்டைக் காற்றில் விடும். பக்கத்துச் செடிகள் அதை உள்வாங்கி, நோய் வருவதற்கு முன்பே எதிர்ப்புக்குத் தயாராகும். 1997இல் இதைக் கண்டுபிடித்தார்கள்.

சரி, ஒரே மணம் ஒருவருக்கு இனிக்கிறது, இன்னொருவருக்குக் குமட்டுகிறது. ஏன்?

வாயில் வைத்தாலும் விண்டர்கிரீனைப் பெரும்பாலும் அறிவது நாக்கு இல்லை. வாயின் சூட்டில் ஆவியாகும் மூலக்கூறுகள் தொண்டையின் பின்பக்கமாக மேலேறி மூக்கின் கூரையைத் தொடுகின்றன. அங்கே சுமார் 400 வகை மணவாங்கிகள் இருக்கின்றன. அவற்றில் எவையெவை எவ்வளவு தூண்டப்படுகின்றன என்ற கோலத்தைத்தான் மூளை ஒரு மணமாகப் படிக்கிறது. பார்வையும் ஒலியும் மூளைப் புறணிக்குப் போகுமுன் தலாமஸ் என்ற மூளையின் இடைநிலையம் வழியாகப் போக வேண்டும். மணத்துக்கு அந்தச் சுற்று வேண்டாம். மூக்கின் செய்தியை முதலில் வாங்கும் மோப்பக் குமிழிலிருந்து உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேர்வழி இருக்கிறது. நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸும் அருகிலேயே இருக்கிறது. அதனால் ஒரு மணம் முதன்முதலில் வரும்போது கூடவே என்ன இருந்ததோ, இனிப்போ வலியோ, அது மணத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் எப்போது அந்த மணம் வந்தாலும், இது என்ன என்று பெயர் சொல்லுமுன்பே பிடித்தது, பிடிக்காதது என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது.

இதற்கு விண்டர்கிரீனைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1960களின் நடுவில் பிரிட்டனில் பல வாசனைகளை முகரவைத்துக் கருத்துக் கேட்டார்கள். இது கடைசி வரிசையில் நின்றது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் அதேபோல் கேட்டபோது முதலிடம். மணவியல் ஆய்வாளர் ரேச்சல் ஹெர்ஸ் சொல்லும் விளக்கம் இது: அந்த பிரிட்டன்காரர்களுக்கு அது இரண்டாம் உலகப்போர்க் கால வலிநிவாரணிகளின் வாடை, அமெரிக்கர்களுக்கு மிட்டாயின் மணம். சிறுவயதில் சூயிங்கமும் ரூட் பியர் என்ற குளிர்பானமும் அந்த மணத்தோடு வந்தால் பிடிக்காமல் என்ன செய்யும்? நமக்கோ அது பாட்டியின் முழங்கால். கணுக்கால் சுளுக்கு. ரூட் பியரை முதல் வாய் குடித்ததும் நம்மவர்கள் பலர் முகம் சுளிப்பதும் இதனால்தான்.

புகையிலைக்கு வந்தால் இன்னொரு பூட்டு விழுகிறது. அந்தத் தூளில் காரத்தன்மையுள்ள உப்புகளைச் சேர்க்கிறார்கள். அதனால் நிக்கோட்டின் எளிதாக ஈறு வழியே ரத்தத்தில் கலக்கிறது. நம் ஊரில் புகையிலையோடு சுண்ணாம்பு சேர்ப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. மணம் சில நொடிகளில் வருகிறது, நிக்கோட்டின் சில நிமிடங்களில் ஏறுகிறது. இதே வரிசை நாள்தோறும் திரும்பத் திரும்ப நடக்க, மணமே போதைக்கு முன்னறிவிப்பாகிவிடுகிறது. டப்பாவைத் திறந்த வாசனைக்கே அந்தக் கூட வேலை செய்பவருக்கு ஏக்கம் வருவது அதனால்தான்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: புகையிலையில் மிட்டாய் மணம் சேர்ப்பதைத் தடை செய்ய வேண்டும். கசப்பும் எரிச்சலும்தான் புதிதாக வாயில் வைக்கும் பதின்வயதுப் பையனைத் துப்ப வைக்கும் கடைசி அரண். அதை மூடி மறைக்கவே இந்த மணம். வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமீன்கள் அதற்குக் கீழே அப்படியே இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் வெரோனிக்கா ரோட்ரிக்ஸும் 1970களிலேயே பழ ஈக்களின் மோப்பத்தை ஆராய்ந்தார்கள். ஈயின் மோப்பத்துக்கு எதற்கு அரசுப் பணம் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு மணம் எப்படி விருப்பாகவும் வெறுப்பாகவும் மாறுகிறது என்ற புரிதல் அப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்துதான் வளர்ந்தது. தாராளமாகக் கொடுக்கலாம்.

வாசகருக்கு ஒரு எச்சரிக்கை. மிட்டாய்க்கும் தைலத்துக்கும் மணம் ஒன்றானாலும் அளவு ஒன்றல்ல. சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமான சாலிசிலேட் இருக்கிறது. குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஊட்டியிலிருந்து வாங்கிவந்த பாட்டில் வீட்டில் இருந்தால் மேல் அலமாரியில் வையுங்கள்.