ஒரு யூனிட் கரண்டுக்குள் எத்தனை கலோரி?

கரண்ட் பில்லில் யூனிட், பிஸ்கட் பாக்கெட்டில் கிலோ கலோரி, பள்ளிப் புத்தகத்தில் ஜூல். மூன்றும் அளப்பது ஆற்றலைத்தான். ஆனால் ஒரு காலத்தில் வெப்பத்துக்கும் வேலைக்கும் தனித்தனிக் கணக்குதான் இருந்தது. இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஜூல்.

1840-களில் இங்கிலாந்தில் அவர் செய்த சோதனை எளிமையானது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் துடுப்புச் சக்கரம். கயிற்றில் தொங்கும் எடை கீழே இறங்க இறங்கச் சக்கரம் சுழன்று தண்ணீரைக் கலக்கும். தண்ணீர் மிக மிகக் கொஞ்சமாகச் சூடாகும். எடை எவ்வளவு இறங்கியது, சூடு எவ்வளவு ஏறியது என்று பொறுமையாக அளந்தார். இன்றைய கணக்கில் சொன்னால், ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ எடை சுமார் 427 மீட்டர் விழ வேண்டும். அதாவது 1 கிலோ கலோரி என்பது 4,184 ஜூல்.

சரி, யூனிட்டுக்கு வருவோம். 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். மணிக்கு 3,600 நொடி. பெருக்கினால் 36 லட்சம் ஜூல். அதை 4,184-ஆல் வகுத்தால் சுமார் 860 கிலோ கலோரி. எந்த அலகாக இருந்தாலும் முதலில் ஜூலுக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து வேண்டிய அலகுக்குப் போவதுதான் குழப்பமில்லாத வழி.

36 லட்சம் ஜூல் என்றால் எவ்வளவு? 50 கிலோ அரிசி மூட்டையை 3 மீட்டர் உயர மாடிக்குத் தூக்க 1,470 ஜூல் போதும். அப்படியானால் ஒரு யூனிட்டில் 2,400 மூட்டைகளுக்கு மேல் ஏற்றலாம்! அதே யூனிட்டில், வீணாவதை விட்டுவிட்டால், 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரில் 12 லிட்டரைத்தான் கொதிநிலைக்குக் கொண்டுவர முடியும். சூடாக்குவதற்கு இவ்வளவு ஆற்றல் பிடிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். வீட்டில் கீசர் போட்டதும் பில் எகிறுவது இதனால்தான்.

செல்போன் பேட்டரியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதில் போட்டிருக்கும் 5,000 மில்லி ஆம்பியர் மணி ஆற்றலின் அலகே இல்லை. 5 ஆம்பியர் மணியை வோல்டேஜால் பெருக்க வேண்டும், 3.85 வோல்ட் என்றால் சுமார் 19 வாட் மணி. ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

அப்புறம் சமையல் கேஸ். ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4.6 கோடி ஜூல் வரும். 14.2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 180 யூனிட். அதற்காகச் சிலிண்டர் விலையை 180-ஆல் வகுத்துக் கரண்ட் விலையோடு ஒப்பிட்டுவிடக் கூடாது. கேஸ் அடுப்பின் சூட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. 120 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் 85 சதவீதம் போகிறது என்றால், அதே சமையலுக்கு மீட்டரில் சுமார் 140 யூனிட் ஓடும். விலையை வகுக்க வேண்டியது இந்த 140-ஆல்தான்.