புலக்காட்சி: ‘உணர்வு’ என்னும் பெயர்ப்பு ஏன் பொருந்தாது

குழந்தை வளர்ப்பு பற்றிய ஒரு கட்டுரையில், ‘நான்கு மாதக் குழந்தைக்கு ஆழமான உணர்வு தோன்றுகிறது’ என்று அண்மையில் படித்தேன். எந்தத் தாயும் இதைப் பாசத்தைப் பற்றிய செய்தியாகவே கொள்வாள். கட்டுரையாளர் சொல்ல வந்ததோ, இரு கண்களும் இசைந்து ஒரு பொருளின் தொலைவை அறியத் தொடங்கும் திறனை. புலன்வழி வருவதை இன்னதென்று அறிதலைக் குறிக்கும் பெர்செப்ஷன் (perception) என்னும் ஆங்கிலச் சொல்லை ‘உணர்வு’ என்று எழுதும் வழக்கத்தைப் பலமுறை பார்த்துச் சலித்துவிட்டேன்.

இலத்தீன் மூலத்தில் அச்சொல்லுக்கு முழுமையாகப் பற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். தமிழ் உளவியல் பாடநூல்கள் அதைப் புலக்காட்சி என்கின்றன. மாண் என்பதிலிருந்து மாட்சி வந்ததுபோலக் காண் என்பதிலிருந்து வந்தது காட்சி.

‘உணர்வு’ என்பாரிடம் என் மறுப்பு இதுதான்: அன்பும் உணர்வு, பசியும் உணர்வு, தோலில் படும் குளிரும் உணர்வு. கண், செவி போன்ற பொறியில் தூண்டல் படுவதற்குப் ‘புலனுணர்வு’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்க, அத்தூண்டலிலிருந்து ‘இது இன்னது’ என்று அறிவதையும் உணர்வு என்றால், குழந்தையின் முதல் ஆண்டில் நிகழும் மிகப் பெரிய மாற்றத்தைச் சொல்லவே சொல் இல்லாமற் போகும். பிறந்த குழந்தையின் கண்ணில் ஒளி விழுகிறது. 20 முதல் 30 செ.மீ. தொலைவிலுள்ள முகம் மங்கலாகத் தெரிகிறது; இரு விழிகளின் படிமங்களை இணைத்து ஆழத்தை அறிவதோ ஏறத்தாழ நான்காம் மாதத்தில்தான் கைகூடுகிறது.

உளவியலாளர்கள் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். தடித்த கண்ணாடிப் பரப்பின் ஒரு பாதியில் கட்டமிட்ட துணியைக் கண்ணாடியை ஒட்டியும், மறுபாதியில் மிகக் கீழே தரையிலும் விரித்து, தவழும் குழந்தைகளை நடுவிலிருந்த பலகையில் விட்டனர்; தாய்மார் இரு பக்கமிருந்தும் அழைத்தனர். நடுப்பலகையை விட்டு நகர்ந்த 27 குழந்தைகளில் 3 பேரே பள்ளம்போல் தோன்றிய பக்கத்திற்குச் சென்றனர். சில குழந்தைகள் கண்ணாடியைக் கையால் தட்டிப் பார்த்தும், அதன் உறுதியை விரல்கள் அறிந்தும், அப்பால் செல்லவில்லை. இங்கே தொடுவுணர்வு ஒன்றைச் சொல்ல, கண்வழிக் காட்சி வேறொன்றைச் சொல்கிறது; இரண்டையும் ‘உணர்வு’ என்றே எழுதும் மொழிபெயர்ப்பாளர் இதை எவ்வாறு விளக்குவார்?

காட்சி என்பது கண்ணுக்கு மட்டும் உரியது, செவிக்கு ஆகாது என்பர் சிலர். காண்டல், கருதல், உரை என அறிவைப் பெறும் வழிகளான அளவைகளை வகுத்த சைவ சித்தாந்திகள், ஐம்பொறி வழி வரும் அறிவனைத்தையும் வாயிற்காட்சி என்றே வழங்கினர். ‘மாசறு காட்சி’ என்று வள்ளுவர் சொன்னதும் விழியின் பார்வையை அன்று, குற்றமற்ற மெய்யறிவை. திரைப்படக் காட்சியிலேயே நம் காது பழகிவிட்டது என்பதற்காக ஒரு நல்ல சொல்லின் பழம்பொருளைக் கைவிடலாமா?

பார்த்தலுக்கும் காணலுக்கும் உள்ள வேற்றுமையை நம் வீட்டுப் பேச்சே அறியும். ‘எல்லா இடமும் பார்த்தேன், சாவியைக் காணோம்’ என்கிறோம். குழந்தை முதல் நாளிலிருந்தே பார்க்கிறது; காண்பதற்குத்தான் மாதங்கள் ஆகின்றன. ஆகவே அக்கட்டுரையாளர், ‘நான்கு மாதத்தில் குழந்தைக்கு ஆழத்தைக் காணும் திறன் வருகிறது’ என்று எழுதியிருக்கலாம். கலைச்சொல்லாகவே வேண்டுமென்றால் ‘ஆழப் புலக்காட்சி’ இருக்கிறது.