'இப்போது வேண்டாம்' என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை

மதுரை டவுன்ஹால் ரோட்டில் புது போன் வாங்கினால் பெரும்பாலும் கடைப் பையனே எல்லா ஆப்பையும் போட்டுக் கொடுத்துவிடுவான். 'அனுமதி', 'அடுத்து', 'சரி' என்று கட்டைவிரல் பறக்கும். போனுக்குச் சொந்தக்காரர் அந்த நேரத்தில் கவர் பார்த்துக்கொண்டிருப்பார். பையனைக் குறை சொல்ல மாட்டேன். யோசிக்காமல் அழுத்த வைக்கத்தானே அந்தத் திரைகளையே செய்கிறார்கள்.

ஒரு திரையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'உங்கள் நண்பர்களைக் கண்டுபிடியுங்கள்' என்று படத்தோடு வரும். பளிச்சென்ற நீலப் பொத்தானில் 'தொடர்க'. அதற்கடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் 'இப்போது வேண்டாம்'. இது ஆண்ட்ராய்டு கேட்கும் கேள்வி இல்லை, ஆப் தானாகப் போடும் திரை. ஆண்ட்ராய்டு 11 முதல், போனில் சேமித்த எண்களை ஆப் பார்க்கலாமா என்று ஆண்ட்ராய்டே கேட்கும் உண்மையான அனுமதிப் பெட்டியில் இரண்டு முறை மறுத்துவிட்டால் ஆப்பால் அதை மறுபடி காட்ட முடியாது. அதனால் முதலில் தன் திரையில் ஆழம் பார்க்கிறது. அங்கே நீங்கள் தள்ளிப்போட்டால் அது மறுப்புக் கணக்கில் சேராது. சில நாள் கழித்துத் திரும்பவும் கேட்கலாம். 'தொடர்க' என்றவரிடம்தான் உண்மையான பெட்டியை நீட்டும். வெறும் 'வேண்டாம்' அங்கே இல்லாதது மறதியால் அல்ல.

அந்தப் பெட்டியில் அனுமதி தந்துவிட்டால் போனில் சேமித்த எண்களை ஆப் எடுத்துக்கொண்டு போகலாம். அப்படிப் போவது உங்கள் விவரம் மட்டுமா? எந்தச் சமூக வலைதளத்திலும் இல்லாத திருமங்கலத்துச் சித்தப்பாவின் எண்ணும் சேர்ந்தே போகிறது. அதே எண் இன்னொருவர் போனிலிருந்தும் போனால், மூவரும் ஒரே வட்டம் என்று கணிக்க முடியும். முன்பின் பேசாத ஆள் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று வந்து நிற்பதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

இப்படி ஆளை ஏமாற்றி அழுத்த வைக்கும் திரை வித்தைகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010-இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர். குக்கீயை (உங்களை அடையாளம் வைத்துக்கொள்ள இணையதளம் உங்கள் கருவியில் போடும் சிறு கோப்பு) ஏற்க ஒரே அழுத்தம், மறுக்கப் பல அழுத்தம் என்று வைத்ததற்காக பிரான்ஸ் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டது. 2022 ஜனவரியில் அதை அறிவித்தார்கள். இந்தியாவிலும் 2023-இல் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டு விதிமுறை வந்தது. அதே ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தருவது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ஒப்புதல் தந்ததே பக்கத்தில் நின்ற பையன் என்றால், எதைத் திரும்பப் பெறுவது என்று போனின் சொந்தக்காரருக்கு எப்படித் தெரியும்?

சரி, இப்போது செய்யக்கூடியது: போன் அமைப்புகளில் அந்த ஆப்பைத் தேடி, 'அனுமதிகள்' பகுதியில் 'தொடர்புகள்' அனுமதியை நிறுத்துங்கள். இது இனிமேல் போவதை மட்டும்தான் தடுக்கும். ஏற்கெனவே போன எண்களை அழிக்க, ஆப்பின் உள்ளேயே 'பதிவேற்றிய தொடர்புகள்' மாதிரி ஒரு பக்கம் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால், முதலில் தானாகப் பதிவேற்றுவதை நிறுத்திவிட்டு அப்புறம் அழியுங்கள். இல்லையென்றால் அழித்தது திரும்ப ஏறிவிடும்.