எஸ் எங்கே என்று விரலிடம் கேளுங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் ஆங்கில டைப்ரைட்டிங் லோயர் தேர்வுக்குத் தயாராகிறாள். மாலையில் ஒரு மணி நேரம் இன்ஸ்டிடியூட். வீட்டுக்கு வந்ததும் அண்ணனின் லேப்டாப்பில் தட்டச்சு விளையாட்டு: கார்ப் பந்தயம், மேலிருந்து விழும் சொற்களைத் தரையைத் தொடுமுன் அடித்து வீழ்த்துவது என்று சாப்பாடு ஆறும் வரை போகிறதாம். "விளையாட்டில் நிமிடத்துக்கு 50 வார்த்தை காட்டுகிறது சார். இன்ஸ்டிடியூட் மெஷினில் 25 தாண்டவில்லை. விளையாட்டு அவளைக் கெடுக்கிறதா? போதாக்குறைக்கு, அவளுக்கு விரல் குட்டை, டைப்புக்கு வாகான கை இல்லை என்கிறார் மாமியார்."

மாமியார் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். விரலைப் பார்த்துப் பலன் சொல்வதற்கு நம் ஊரில் ஆளா இல்லை? நான் நாகர்கோவிலில் டைப் படித்த காலத்தில் பரீட்சை மெஷினுக்குச் சந்தனம் வைத்த பையன்கள் உண்டு. அதனால் யாருக்கும் கேடில்லை, மெஷின்தான் கொஞ்சம் பிசுபிசுத்தது. வளர்கிற பெண்ணின் கையைப் பார்த்து "உனக்கு வராது" என்று சொல்வது அப்படிப்பட்டதல்ல. பின்லாந்தில் உள்ள ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில், முறையாகப் பத்து விரலால் அடிப்பவர்களையும் தாமாகவே கற்றுக்கொண்டு சில விரல்களால் அடிப்பவர்களையும் 2016இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எத்தனை விரல் என்பது வேகத்தைத் தீர்மானிக்கவில்லை. வேகமாக அடித்தவர்களிடம் வேறு சில பழக்கங்கள் தெரிந்தன: ஒரு எழுத்துக்கு எப்போதும் ஒரே விரல், வீணாக அலையாத கை, அடுத்த எழுத்துக்கு முன்கூட்டியே நகர்ந்து நிற்கும் விரல். நீளத்தைப் பாட்டி மறந்துவிடலாம்.

இனி கணக்கு. தட்டச்சில் ஒரு 'வார்த்தை' என்பது ஐந்து தட்டல். லோயர் தேர்வின் வேகம் நிமிடத்துக்கு 30 வார்த்தை, அதாவது 150 தட்டல். ஒரு தட்டலுக்கு 400 மில்லிவிநாடி. ஹையருக்கு 45 வார்த்தை; தட்டலுக்கு ஏறக்குறைய 267. நன்கு தேர்ந்தவர்கள் 90 வார்த்தையைத் தொடும்போது ஒரு தட்டலுக்குக் கிடைப்பது 133 மில்லிவிநாடிதான். இப்போது ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள், எரிந்ததும் ஒரு பொத்தானை அழுத்துங்கள் என்றால், அதற்கே மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிவிநாடி ஆகிறது. பல பொத்தான்களில் எது என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டுமென்றால் இன்னும் அதிகம். ஆக, எழுத்தைப் பார்த்து, விசையைத் தேடி, அடித்து, சரிதானா என்று உணர்ந்து, பிறகு அடுத்த எழுத்துக்குப் போவது என்பது அந்த வேகத்தில் நடக்கவே முடியாத காரியம். கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் 1951இலேயே இந்த இடத்தில் விரல் வைத்தார்: இவ்வளவு வேகமான அசைவுகளை ஒன்றன் உணர்வு அடுத்ததைத் தூண்டும் சங்கிலியாக விளக்க முடியாது; முழு வரிசையும் முன்னதாகவே மூளையில் தயாராக இருந்தாக வேண்டும்.

அந்தத் தயாரிப்பை வெளியிலிருந்தே அளக்கலாம். தேர்ந்த தட்டச்சர் ஒருவரின் விரல் ஒரு எழுத்தை அடிக்கும்போது அவர் கண் அதற்குச் சில எழுத்துகள் முன்னால் போய்விட்டிருக்கும். திமதி சால்ட்ஹவுஸ் என்ற ஆய்வாளர் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களைச் சோதித்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார். வயதானவர்கள் பொத்தான் சோதனையில் மெதுவாகத்தான் இருந்தார்கள். தட்டச்சில் அந்தத் தொய்வு தெரியவில்லை. காரணம், அவர்களின் கண் இளையவர்களின் கண்ணைவிட அதிக தூரம் முன்னால் ஓடியது. ஆனால் திரையில் அடுத்து வருவதை மறைத்து, ஒவ்வொரு எழுத்தாக மட்டும் காட்டினால் எப்பேர்ப்பட்ட தட்டச்சரின் வேகமும் குப்புற விழும்.

கண் முன்னே ஓடுவது போலவே விரல்களும் ஒன்றையொன்று முந்திக்கொள்கின்றன. தோவாளையில் பூக்கட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஒரு பூவை நாரில் முடிந்த பிறகு அடுத்த பூவைத் தேடுவதில்லை அந்தக் கை. முடிச்சு இறுகும்போதே அடுத்த இரண்டு பூக்கள் விரலிடுக்கில் வந்து நிற்கும்; வாய் பக்கத்துக் கடைக்காரரிடம் மல்லிகை விலை பேசிக்கொண்டிருக்கும். தட்டச்சிலும் ஒரு விரல் கீழே இறங்கும்போதே இன்னொரு விரல் தன் விசையை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது. ஆல்ட்டோவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு 1,68,000 பேரிடமிருந்து இணையம் வழியாகத் திரட்டிய 13 கோடியே 60 லட்சம் தட்டல்களை அலசியது. வேகமானவர்கள் தங்கள் தட்டல்களில் ஏறத்தாழ 40 முதல் 70 விழுக்காடு வரை, முதல் விசையை விடுமுன்பே அடுத்ததை அழுத்தியிருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் பெண்ணின் வழக்கில் இதுதான் முக்கிய சாட்சி.

ஆனால் நான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதே இனி சொல்லப்போகும் விஷயத்துக்காகத்தான்.

நீங்கள் கணினியில் ஓரளவு வேகமாக அடிப்பவரா? கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள்: பி (B) என்ற எழுத்துக்கு நேர் வலப்பக்கத்தில் எது இருக்கிறது? சொல்ல வராது. சிறிது நேரத்தில் உங்கள் விரல் மேசையின் மேல் தானாக அசைந்து பார்க்கும், அதைக் கவனித்துத்தான் பதில் சொல்வீர்கள். அமெரிக்காவில் 2014இல் நூறு பேரிடம் வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். நிமிடத்துக்குச் சராசரி 72 வார்த்தை அடிப்பவர்கள் அவர்கள். 26 எழுத்துகளில் சராசரியாக 15ஐத்தான் சரியான இடத்தில் வைத்தார்கள். நானும் முயன்றேன், என் எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை.

அப்படியானால் தெரிந்தவர் யார்? கார்டன் லோகன், மேத்யூ கிரம்ப் என்ற உளவியலாளர்கள் இருவரும் இதைத் துருவினார்கள். தட்டச்சருக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது அவர்கள் கருத்து. வெளியாள் வாக்கியத்தைப் படித்து, "அடுத்த சொல் இது" என்று உள்ளே கொடுத்துவிடுகிறார். உள்ளாள் அந்தச் சொல்லை எழுத்துகளாக்கி விரல்களுக்குப் பங்கிடுகிறார். எந்த எழுத்தை எந்தக் கை அடிக்கிறது என்பதே வெளியாளுக்குத் தெரியாது. இடக்கை எழுத்துகளை மட்டும் அடியுங்கள், வலக்கை எழுத்துகளை விட்டுவிடுங்கள் என்றால் தேர்ந்தவர்களும் தட்டுத் தடுமாறிப் போகிறார்கள்.

2010இல் அவர்கள் செய்த சோதனை ஒரு நல்ல கள்ளத்தனம். தட்டச்சர்கள் அடிக்க அடிக்கச் சொல் திரையில் தோன்றும். சில நேரம் அவர்கள் தவறாக அடித்ததைக் கணினி ரகசியமாகத் திருத்திக் காட்டியது. சில நேரம் சரியாக அடித்ததில் கணினியே ஒரு பிழையைச் செருகியது. பிறகு கேட்டார்கள்: சரியாக அடித்தீர்களா? திரை எதைச் சொன்னதோ அதையே வெளியாள் ஒப்பித்தார். செருகிய பிழைக்குப் பழியை ஏற்றுக்கொண்டார், திருத்திய சொல்லுக்குப் பெருமையை எடுத்துக்கொண்டார். விரல்களோ ஏமாறவில்லை. உண்மையில் பிழை நடந்த இடத்தில், திரை சரி என்று காட்டியபோதும், அடுத்த தட்டல் ஒரு நொடித்துளி தயங்கியது. கணினி செருகிய பொய்ப் பிழைக்கு அந்தத் தயக்கமே இல்லை. வாய் பொய்ச் சாட்சி சொல்லும்போது விரல் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது! ஆய்வாளர்கள் இருவர் ஒரு கணினியையும் சில மாணவர்களையும் வைத்துச் செய்த காரியம் இது. மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின்களைச் சோதிப்பதில் எனக்கும் பெருமைதான். அந்தச் செலவில் ஒரு துளியை இப்படி விரலையும் மூளையையும் பார்க்கும் ஆய்வுகளுக்குத் திருப்பினால் நம் கல்லூரிகளிலேயே எத்தனையோ செய்யலாம். ஒவ்வொரு தட்டச்சுத் தேர்வின்போதும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் கூட்டமாக வந்து உட்காருகிறார்கள். ஆய்வுக்கு ஆளைத் தேடி அலைய வேண்டாம்.

விரல்கள் செய்யும் சில பிழைகளும் உள்ளாளின் வேலைமுறையைக் காட்டிக்கொடுக்கின்றன. 'புக்' என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு ஓ வரும். அவசரத்தில் சிலர் ஒரு ஓவும் இரண்டு கே-யும் அடித்துவிடுவார்கள். எழுத்து தவறவில்லை, "இரட்டி" என்ற கட்டளை மட்டும் அடுத்த வீட்டில் போய் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் எழுத்துகளும் இரட்டித்தலும் மூளையில் தனித்தனிச் சீட்டுகளாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று டேவிட் ருமெல்ஹார்ட்டும் டொனால்ட் நார்மனும் 1982இல் வாதிட்டு, கணினியில் அப்படியே ஒரு மாதிரி செய்தார்கள். அவர்கள் மாதிரியும் இதே வகைப் பிழையைச் செய்தது.

சரி, விளையாட்டுக்கு வருவோம். உள்ளாளுக்குப் பாடம் சொல்லி விளங்கவைக்க முடியாது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் படிவார். நாங்கள் மாதக்கணக்கில் 'ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்' என்று தாள் தாளாக அடித்தது அதற்காகத்தான். மாஸ்டர் ஸ்கேலால் மேசையில் தாளம் தட்டுவார். தாளத்துக்கு முந்தினாலும் திட்டு, பிந்தினாலும் திட்டு. அலுப்பில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். விளையாட்டு அந்த அலுப்பைப் போக்குகிறது. பிழையை அந்தக் கணமே சிவப்பில் காட்டுகிறது. கீபிஆர் போன்ற தளங்கள் உங்களுக்கு எந்த எழுத்து தடுமாறுகிறது என்று கவனித்து அதையே மீண்டும் மீண்டும் தருகின்றன. மாஸ்டரால் முப்பது பேருக்கு இதைச் செய்ய முடியாது.

ஆனால் எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. சொற்கள் ஒவ்வொன்றாக விழும் விளையாட்டில் அடுத்த சொல் எது என்று கண்ணுக்குத் தெரியாது. முன்னே ஓடும் பழக்கம் அங்கே வளர இடமில்லை; எதிர்வினைதான் கூர்மையாகும். டைப்ரேசர் போன்ற பந்தயங்களில் ஒரு முழுப் பத்தி கண்ணெதிரே இருக்கும், கண் தாராளமாக ஓடலாம். கெடுதலான இன்னொன்று பின்னழிப்பு விசை, அதாவது பேக்ஸ்பேஸ். அடித்து அழித்து அடிப்பதையே நூறு முறை செய்தால், பிழையும் திருத்தமும் சேர்ந்த அந்த மூன்று தட்டல்தான் உள்ளாளின் பாடமாகிவிடும். அவர் எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்.

இனி 50க்கும் 25க்கும் உள்ள இடைவெளி. விளையாட்டு பெரும்பாலும் ஒரு நிமிடம். தேர்வின் வேகத்தாள் பத்து நிமிடம். விளையாட்டில் பின்னழிப்பு உண்டு. மெஷினில் அடித்தது அடித்ததுதான். வரி முடிந்தால் தாளைச் சுமக்கும் கேரேஜைத் தள்ள வேண்டும். இவையெல்லாம் சில வார்த்தைகளைத் தின்னும். பெரிய திருடன் வேறு. கணினியில் வேகம் கூடக் கூட விசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தும் பழக்கம் வந்துவிடுகிறது என்றேன் அல்லவா? டைப்ரைட்டரில் அப்படிச் செய்தால் இரண்டு அச்சுக் கம்பிகள் நடுவழியில் மோதிப் பின்னிக்கொள்ளும். கையால் பிரித்துவிட வேண்டும். கணினி மெச்சும் அதே திறமை மெஷினில் குற்றம். மெஷினுக்கு ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாக, ஆழமாக, சம இடைவெளியில் விழ வேண்டும். மாஸ்டரின் ஸ்கேல் தாளத்துக்கு அர்த்தம் எனக்கு இப்படித்தான் பின்னாளில் விளங்கியது.

ஆகவே அம்மா, விளையாட்டை நிறுத்த வேண்டாம். விழும் சொற்களைக் குறைத்துப் பத்தி வரும் விளையாட்டை வைத்துக்கொள்ளட்டும். வாரத்தில் சில நாள் பின்னழிப்பு விசையைத் தொடாமல் பத்து நிமிடம், வேகத்தைப் பார்க்காமல் பிழையை மட்டும் எண்ணி அடிக்கட்டும். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் மெஷின் நேரத்தைக் கூட்டுங்கள். இரவு வரை நீள்வது மட்டும் வேண்டாம். பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்த ஓர் ஆய்வு 1978இல் வந்தது, ஆலன் பேட்லியும் லாங்மன் என்பவரும் செய்தது. தினமும் ஒரு மணி நேரம் பயின்றவர்களே, செலவிட்ட மணிக்கணக்கில், மிக நன்றாகக் கற்றார்கள். தினமும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு அதே அளவு வர அதிக மணிகள் பிடித்தன. வேடிக்கை என்னவென்றால், ஒரு மணி நேரக் குழுதான் தங்கள் பயிற்சியில் அதிருப்தியாக இருந்தது. நாள் கணக்கில் மற்றவர்களைவிடப் பின்தங்கியது போல அவர்களுக்குத் தோன்றியது. மகளும் அப்படிச் சலித்துக்கொள்வாள், பொருட்படுத்தாதீர்கள்.

அடுத்து தமிழ் லோயரும் எழுதப்போவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இன்ஸ்டிடியூட் தமிழ் மெஷினில் இடக்கை 'யளனகப' என்று தொடங்கும். ஆங்கிலத்தின் ஜே இருக்கும் இடத்தில் த வரும். கணினியில் தமிழ்99 போட்டால் அதே இடத்தில் ப. தமிழ்99 என்பது 1999இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அமைப்பு. என் தனிப்பட்ட காதலும் அதன்மேல்தான். உயிர் பெரும்பாலும் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில் என்பதால் உயிர்மெய்க்குக் கைகள் மாறி மாறி விழும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல் போதும், நடுவில் புள்ளியை அது தானே வைத்துக்கொள்ளும். ஆனால் உள்ளாள் ஒரே விசைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாடம் படிக்கத் திணறுவார். மகள் தமிழ் விளையாட்டு ஏதாவது தொடங்கினால், அது எந்த விசைப்பலகையில் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். தேர்வு முடியும் வரை தமிழ்99ஐ ஒத்திவைக்கச் சொல்வேன், மனமில்லாமல்தான்.