முன்னாள் அதிகாரி மீது போர்க்குற்ற வழக்கு: நீலகிரியின் தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் வழக்கறிஞராகப் பணிபுரிபவரிடம் தாயகம் திரும்பிய குடும்பங்கள் பெரும்பாலும் சாதிச் சான்றிதழுக்காகவோ, பட்டாவுக்காகவோ, பணி ஓய்வுக்குப் பின் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்வது பற்றியோ வருவார்கள். அந்த வேலை முடிந்து எழும்போது சிலர் தயங்கிக் கேட்பது வேறொன்று: "சார், இலங்கைப் போரின்போது பொறுப்பில் இருந்த அந்த அதிகாரி இப்போது பதவியில் இல்லையே, இனியாவது அவர் மேல் வழக்குப் போட முடியாதா?"

1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. இம்மலையில் குடியேறியவர்கள் பலருக்கும் கூடப் பிறந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து கணிசமானோர் வடக்கிலுள்ள வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். உள்நாட்டுப் போரின் இறுதியில், 2009இல், முல்லைத்தீவுக் கடற்கரை வரை துரத்தப்பட்ட மக்களில் அவர்களும் இருந்தார்கள். ஆகவே கோத்தகிரியில் தேயிலை பறிக்கும் ஒரு பெண் தன் அண்ணனைப் பற்றிக் கேட்கும் இந்தக் கேள்வியை வெளிநாட்டு விவகாரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பதவி போனால் பாதுகாப்பும் பெருமளவு போகும் என்பது உண்மை. பதவியில் இருக்கும் வெளியுறவு அமைச்சரை இன்னொரு நாட்டு நீதிமன்றம் கைது செய்ய ஆணையிட முடியாது என்று சர்வதேச நீதிமன்றம் 2002இல் கூறியது. பதவியை விட்டவருக்கு வழக்கிலிருந்து காக்கும் அந்த விலக்குரிமை முழுமையாக இல்லை என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது. அதற்கு முன்பே 1999இல், சித்திரவதைக் குற்றத்துக்கு முன்னாள் நாட்டுத் தலைவர் என்ற விலக்குரிமை பொருந்தாது என்று சிலியின் முன்னாள் அதிபர் பினோசே வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருந்தது. காம்பியாவின் முன்னாள் உள்துறை அமைச்சர் உஸ்மான் சோன்கோ சுவிட்சர்லாந்தில் தஞ்சம் கோரியிருந்தபோது 2017இல் கைதானார். மானுடத்திற்கு எதிரான குற்றங்களுக்காக 2024 மே மாதம் அந்நாட்டுக் கூட்டாட்சிக் குற்றவியல் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பது அடுத்த தடை. ஹேக் நகரிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ஒப்பந்தமான ரோம் சட்டத்தில் இலங்கையும் இந்தியாவும் சேராதவை என்பதால் அந்நீதிமன்றத்தின் கதவு இவ்விஷயத்தில் நடைமுறையில் மூடியே இருக்கிறது. நம் நாட்டில், போரில் காக்க வேண்டிய மனிதநேய விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளுக்கென்று ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், 1960 இருக்கிறது. இந்தியாவுக்கு வெளியே நடந்த கடுமையான மீறல்களையும் தண்டிக்க அது இடமளிக்கிறது. ஆனால் அதன் 17ஆம் பிரிவின்படி அரசோ, அரசு குறிப்பிடும் அதிகாரியோ புகார் செய்தாலன்றி எந்த நீதிமன்றமும் அதை விசாரணைக்கு எடுக்க முடியாது. மேலும், அச்சட்டம் சொல்லும் கடுமையான மீறல்கள் நாடுகளுக்கிடையிலான போரைச் சார்ந்தவை. உள்நாட்டுப் போர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் போர்க்குற்றத்துக்கென்று தனி அத்தியாயம் இல்லை. இது பெரிய குறை என்பதும், நாடாளுமன்றம் சரிசெய்ய வேண்டியது என்பதும் என் உறுதியான கருத்து. இன்றைய நிலையில், சம்பந்தப்பட்டவர் குடியேறும் அல்லது பயணம் செய்யும் மூன்றாவது நாட்டின் சட்டமே பெரும்பாலும் எஞ்சும் வழி. 2022 ஜூலையில், போர்க்காலத்தில் இலங்கையின் பாதுகாப்புச் செயலாளராகவும் பின்னர் அதிபராகவும் இருந்த கோத்தபய ராஜபக்ச சிங்கப்பூரில் இருந்தபோது அந்நாட்டுத் தலைமை வழக்கறிஞரிடம் ஒரு மனித உரிமை அமைப்பு புகார் கொடுத்ததும் அவ்வகையில்தான். வழக்கு எதுவும் தொடுக்கப்படாமலே அவர் அங்கிருந்து வெளியேறினார். தன் மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்திருக்கிறார்.

இவ்வளவையும் தாண்டி ஒரு வழக்கு நீதிமன்றத்துக்குள் நுழைந்தாலும், அது பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கொடுமை நடந்தது என்று நிரூபிப்பதைவிட, தலைநகரத்தில் மேசையின் முன் அமர்ந்திருந்தவரை அதனுடன் இணைப்பது மிகக் கடினம். கீழுள்ளவர்கள் குற்றம் செய்வதை அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், தடுக்கவோ தண்டிக்கவோ தவறிய படைத்தளபதி பொறுப்பாளி ஆகிறார். சீருடை அணியாத செயலாளருக்கோ அமைச்சருக்கோ ரோம் சட்டம் இன்னும் கடினமான அளவுகோலை வைக்கிறது. குற்றத்தைத் தெளிவாகக் காட்டிய தகவல் கைக்கு வந்தும் அவர் அதை வேண்டுமென்றே புறக்கணித்தார் என்றாவது காட்ட வேண்டும். சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹாப்ரேவின் வழக்கில் இந்த இணைப்பைத் தந்தவற்றுள் முக்கியமானவை, 2001இல் கைவிடப்பட்ட ஓர் அலுவலகத்தில் கிடைத்த அவருடைய ரகசியக் காவல்துறையின் கோப்புகள். அவற்றோடு, சிறையிலிருந்து உயிர்தப்பிய சுலேமான் கெங்கெங் சக கைதிகளின் வாக்குமூலங்களைப் பல ஆண்டுகள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருந்தார். 2000இல் கொடுத்த புகாருக்கு 2016இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

அதனால்தான் என்னிடம் வருபவர்களிடம் அழுகையைப் போலவே விவரங்களுக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறேன். "ஆர்மிக்காரன் பிடித்துக்கொண்டு போனான்" என்பதோடு நில்லாமல், போரின் முடிவில் மக்கள் இராணுவப் பகுதிக்குள் வந்த முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபின் பெயரைப் பதிந்தவர் எந்தச் சீருடையில் இருந்தார், சட்டையில் என்ன சின்னம் இருந்தது, அவரைப் பிறர் எப்படி அழைத்தார்கள், எத்தனை மணி, எந்தப் பேருந்து, ஒலிபெருக்கியில் சொன்னது என்ன என்று எழுத வேண்டும். கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுவது சாட்சியத்தின் மதிப்பைக் கூட்டும். ஒரே சம்பவத்தைப் பலரிடம் பலவிதமாகச் சொல்லி வைத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அந்த வேறுபாடுகளையே முதலில் எடுப்பார். எனவே ஒருமுறை, நிதானமாக, தேதியுடன் பதிந்து வைப்பது போதும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த நேரம் போன்ற உள்விவரங்கள் அழிந்துவிடும். பழைய கைப்பேசி கெட்டுப்போனாலும் எறியாமல் வையுங்கள்.

ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021ஆம் ஆண்டு 46/1 தீர்மானத்தால் ஏற்பட்ட குழு, வருங்கால வழக்குகளுக்காக இத்தகைய சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கிறது. அதற்கு அனுப்புவதானாலும், தன் சாட்சியத்தை வேறு விசாரணையாளர்களிடம் பகிரலாமா என்பதில் தனது ஒப்புதலைத் தெளிவாக எழுதிக்கொடுக்க வேண்டும்; இலங்கையில் உறவினர் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். முகநூலில் எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது.

வயது முதிர்ந்தவர்களின் வாக்குமூலத்தை, இடையில் யாரும் எடுத்துக்கொடுக்காமல், அவர்கள் சொற்களிலேயே காணொளியாகவும் பதியுங்கள். தென்மேற்குப் பருவமழையில் இம்மலையின் லைன் வீடுகளில் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் பிரதி ஒன்று சமவெளியிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும். உதவுவதாகச் சொல்லி மூல ஆவணத்தைக் கேட்பவருக்கு நகலை மட்டும் கொடுத்து, பெயரும் தேதியும் கையொப்பமும் உள்ள ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.