வீடு சேராத இரண்டு சுரங்கள்

நாகர்கோவில் பக்கம் ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஸி மேஜரில் ஒரு பாட்டை வாசித்து, கடைசிக் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்துக்கு) முந்தின ஜி செவன்த் கார்டில் கையை எடுத்துவிடுங்கள். பாடுகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சின்ன வயதில் நான் அப்படிச் செய்தபோது எங்கள் கொயர் மாஸ்டர், “மக்களே, வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டு கதவை அடைக்கிறியே?” என்றார். சூதாட்ட விடுதியில் நடக்கும் காதல் கதைக்கு ஜாஸ் இசை ஏன் அத்தனை பொருந்துகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வரும்.

ஜி செவன்த்தில் நான்கு சுரங்கள். ஸியை சட்ஜமாக வைத்து, சங்கராபரணத்தில் சொன்னால் ப, நி, ரி, ம. இதில் தவிப்பை உண்டாக்குவது நியும் மவும்தான். எந்தக் கம்பியும் குழலும் ஒரே ஒரு அதிர்வெண்ணில் ஒலிப்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கும் கூடவே கேட்கும். சவையும் பவையும் சேர்த்து அழுத்தினால், சவின் (262 ஹெர்ட்ஸ்) மூன்றாம் மடங்கும் பவின் (392) இரண்டாம் மடங்கும் 784-க்குப் பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். காதுக்கு இதம். நியையும் (247) மவையும் (349) சேர்த்தால் 741-உம் 698-உம் மோதுகின்றன. அந்த மோதல்தான் கரகரப்பு. அதோடு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. நி அரைப்படி, அதாவது கீபோர்டில் அடுத்த கட்டைக்கு, மேலேறினால் ச. ம அரைப்படி இறங்கினால் க. இப்படி வீடு சேர்வதைப் பிறந்ததிலிருந்து கேட்ட காது, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே போய் நிற்கிறது.

சரி, ஜாஸ்காரர்கள் செய்யும் வேலை என்ன? நிக்கும் மவுக்கும் நடுவே சரியாக ஆறு அரைப்படி. ஒரு ஸ்தாயி பன்னிரண்டு. ஆக இது நேர் பாதி. தலைகீழாக வைத்தாலும் ஆறுதான். இதனால் இந்த ஜோடிக்கு இன்னொரு வீடும் உண்டு. நி இறங்கி, ம ஏறினால் ஜி ஃபிளாட் மேஜர், ஸியிலிருந்து மிகத் தூரத்து ஊர். அந்த ஊருக்கு வழி சொல்வது டி ஃபிளாட் செவன்த் கார்டு. அதற்குள்ளும் இதே நியும் மவும் இருக்கின்றன. ஜாஸ் பியானோக்காரர் ஜி செவன்த் வரவேண்டிய இடத்தில் டி ஃபிளாட் செவன்த்தைப் போடுவார். அதிலிருந்து ஸிக்கும் வரலாம், ஜி ஃபிளாட்டுக்கும் போகலாம். எனக்கு இசையில் இதைவிட அழகான கணக்கு தெரியாது.

இப்போது சூதாட்ட விடுதியின் ரூலட் சக்கரத்துக்கு வருவோம். சுற்றும் பந்து எந்தக் குழியில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம் அது. ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள்: 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பூஜ்யம். சிவப்பில் கட்டினால் ஜெயிக்கும் வாய்ப்பு 48.6 சதவீதம். மூளை ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குழுவினர் 2003-ல் குரங்குகளிடம் ஒன்றைக் கண்டார்கள். பழச்சாறு கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருக்கும் நேரத்தில் மூளையில் பரிசோடு தொடர்புள்ள வேதிப்பொருளான டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பு படிப்படியாக ஏறுகிறது. வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றிருக்கும்போது அது உச்சம். பந்து சுற்றும் அந்தச் சில நொடிகள் ஏன் ஆளை விடுவதில்லை என்பதற்கு இது நல்ல துப்பு. 2011-ல் மான்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழகத்தில் மனிதர்களுக்குப் பிடித்த இசையைப் போட்டுப் பார்த்தபோதும், சிலிர்ப்பு வருவதற்கு முந்தைய எதிர்பார்ப்பில் மூளையின் காடேட் பகுதியிலும், சிலிர்க்கும் கணத்தில் அக்யூம்பென்ஸ் பகுதியிலும் டோபமின் சுரந்தது. காத்திருப்பதற்கே தனிக் கூலி கிடைக்கிறது என்று பொருள்.

1963-ல் வந்த ‘லா பே தெஸ் ஆன்ஜ்’ என்ற பிரெஞ்சுப் படம் ரூலட் மேசையில் சந்திக்கும் இருவரின் காதல் கதை. முதல் காட்சியில் நீஸ் நகரத்துக் கடற்கரைச் சாலையில் நடிகை ழான் மொரோ நடந்து வருகிறார். காமிரா வேகமாக விலகிப் போக, இசையமைப்பாளர் மிஷேல் லெக்ரானின் பியானோ நிற்காமல் சுழல்கிறது. அதை முழு ஜாஸ் என்று சொல்ல முடியாது. ஆனால் லெக்ரான் ஜாஸில் ஊறியவர். 1958-லேயே ஜாஸ் மேதைகளான மைல்ஸ் டேவிஸையும் ஜான் கோல்ட்ரேனையும் வைத்து இசைத்தட்டு போட்டவர்.

வீட்டில் கீபோர்டு இருந்தால் செய்து பாருங்கள். காதலர்கள் கையில் கடைசிக் காசு, பந்து சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக்கையில் நியையும் மவையும் பிடித்தபடியே இருங்கள். இடது கை விரலால் ஜியை அழுத்துங்கள், அப்புறம் டி ஃபிளாட்டை. அறையே மாறியதுபோல் இருக்கும், வலக்கை அசைந்திருக்காது.