சாயமரமும் அக்ரிலிக்கும் ஒரே லேத்தில் ஏறும்போது

போன மாதம் லேத் என்கிற கடைசல் எந்திரத்தில் ஒரு சிமிழ் கடைந்தேன். உடல் முழுக்கச் சிவப்புச் சாயம் ஏறிய மேப்பிள் மரம். மூடியின் விளிம்பில் 3 மில்லிமீட்டர் தடிமனில் நீல அக்ரிலிக் பிளாஸ்டிக் வளையம், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ரகம். மெருகெல்லாம் ஏற்றியபிறகு, வளையத்தை ஒட்டி ஓரிடத்தில் சாயம் வெளிறித் தெரிந்தது. ஸ்பிரிட்டில் கரைத்த சாயம் பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. சின்னத் தூரிகையால் தொட்டு வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் வளையம் முழுக்க முடி முடியாக வெடிப்பு. நகத்தில் இடறவில்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் மீன் செதில் போல மின்னுகிறது.

இத்தனை வருஷம் உளி பிடித்தும் இதைச் செய்தேன் என்கிற எரிச்சலில்தான் எழுதுகிறேன். கடையும்போது ஏறும் சூடு, பசை காயும்வரை இறுக்கிப் பிடித்த கிளாம்ப் எல்லாம் சேர்ந்து அக்ரிலிக்குக்குள் ஓர் இறுக்கத்தை விட்டுவைக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதன்மேல் ஸ்பிரிட்டோ தின்னரோ அசிட்டோனோ பட்டால் அந்த இறுக்கம் வெடிப்பாக வெளிவருகிறது. சில சமயம் உடனே வரும், சில சமயம் ஓர் இரவு கழித்து வரும். அதனால் அக்ரிலிக் ஒட்டியபிறகு ஸ்பிரிட் சாயத்தைக் கிட்டே கொண்டுவராதீர்கள். சாய வேலை எல்லாம் ஒட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். துடைப்பதானாலும் தண்ணீரில் துளி சோப்பு போதும்.

சரி, அப்படியானால் தண்ணீர் நல்லதா? அக்ரிலிக்குக்கு நல்லது. அது ஏறக்குறைய 100 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும் பொருள். உலர்ந்த உப்புத்தாளை அழுத்திப் பிடித்தால் மேற்பரப்பு குழைந்து இழுபடும். தாளில் கட்டி கட்டியாக ஒட்டும். மூக்கில் ஏறும் ஒரு வாடையும் வரும். அதனால் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதுதான் வழக்கம். ஆனால் பக்கத்தில் பல சமயம் இருப்பது தண்ணீரில் கரையும் சாயம் ஏற்றிய மரம். ஈரத்தாள் பட்டதும் சிவப்பு கரைந்து பக்கத்து வெள்ளை மரத்தின் நாருக்குள் இறங்கிவிடும். அப்புறம் தேய்த்துத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் சுவர்தான் மெலியும்.

இந்த இழுபறிக்கு நான் கண்ட வழி, உளியிலேயே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுவது. உளியை நன்றாகத் தீட்டி, முனை கீழ்நோக்கிச் சாய்ந்த சுரண்டு உளியால் மெல்லிய சீவலாக எடுத்தால், மரம், அக்ரிலிக் இரண்டுமே 240 அல்லது 320ஆம் எண் நைஸ் உப்புத்தாளுக்குத் தயாராக வந்துவிடும். அந்த நிலையில் வளையத்துக்கு டேப் சுற்றி மறைத்துவிட்டு, மரத்தின் நார்த்துளைகளை மெல்லிய சூப்பர் க்ளூவால் அடைத்துவிடுகிறேன். அரக்கு வார்னிஷ் அடிப்பவர்கள் உண்டு. அதுவும் ஸ்பிரிட்டில் கரைத்ததுதான், ஆகவே நான் அந்தப் பக்கம் போவதில்லை. அடைத்தபிறகு லேத்தின் வேகத்தைக் குறைத்து, தாளைப் பஞ்சு போலத் தொடவிட்டு, அடிக்கடி நிறுத்தி விரலால் சூடு பார்க்க வேண்டும். விரலுக்குச் சூடாகத் தெரிந்தால் நிறுத்துங்கள். தாளின் பின்னால் தட்டையான கட்டை ஒன்றும் வேண்டும். வெறும் விரலால் அழுத்தினால் மென்மையான பொருள் குழிந்து, கடினமான பொருள் வரப்பு மாதிரி நிற்கும்.

தண்ணீரே படாவிட்டாலும் தேய்த்த சாயத்தூள் வெள்ளை மரத்தில் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் காற்றடித்து ஊதுங்கள், துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் தூள் துளைக்குள் தள்ளப்படுகிறது.

சாயம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைக் கடைவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நாரின் பக்கவாட்டில் பூசிய சாயம் ஒரு மில்லிமீட்டர்கூட உள்ளே போகாது, ஓர் இழை எடுத்ததும் வெள்ளை தெரிந்துவிடும். உள்வரைக்கும் நிறம் வேண்டுமென்றால் வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடுகளை ஊறவைத்துக் காயவைத்து அடுக்கி ஒட்டலாம், அல்லது ஆலையிலேயே உள்வரை சாயம் ஏற்றிய கட்டை வாங்கலாம். எதுவானாலும் ஒரு துண்டை நடுவில் அறுத்துப் பாருங்கள். ஊறிய தகடு காய்ந்துவிட்டதா என்பதற்குத் தராசுதான் சாட்சி. இரண்டு மூன்று நாள் எடை மாறாமல் இருந்தால் ஒட்டலாம். தொட்டுப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம்.

அடுத்தது மரம் விரிந்து சுருங்குவது. அதில்தான் பெரிய கிண்ணங்கள் உடைகின்றன. மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நாரின் குறுக்கே விரிந்து சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. கெட்டி மேப்பிள் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை ஆண்டு வளையங்களின் திசையில் ஏறக்குறைய 10 சதவீதம் சுருங்குகிறது. மரத்தின் ஈரம் வெறும் 4 சதவீதம் மாறினாலும், பலகையிலிருந்து கடைந்த 200 மில்லிமீட்டர் கிண்ணம் ஒரு பக்கமாக 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீளும் அல்லது சுருங்கும். நாரின் நீளவாக்கில் அப்படியே இருக்கும். வட்டம் முட்டை வடிவமாகிவிடும். அதே அளவு அக்ரிலிக், 20 டிகிரி வெப்பம் மாறினாலும் அரை மில்லிமீட்டர்கூட அசையாது. இப்படி ஒரு மூடிய வளையத்தை அந்த மரத்தில் ஒட்டினால் ஒன்று பசை விடும், இல்லை வளையம் வெடிக்கும். முழு வளையம் வேண்டுமென்றால், நார் சுற்றிவரும்படி சின்னத் துண்டுகளை ஒட்டிச் செய்த வளைய மரத்தில் பொருத்துங்கள், அது முட்டை வடிவமாகாது. 40 மில்லிமீட்டர் சிமிழில் இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

பசையைப் பற்றி இரண்டு வார்த்தை. வெள்ளை மரப்பசை அக்ரிலிக்கில் பிடிக்காது, ஊறிப்போக அதில் துளை இல்லை. இரண்டு பகுதியாக வந்து கலந்து ஒட்டும் எபாக்ஸிப் பசையில், மெதுவாக இறுகும் ரகம்தான் நம்பகம். அக்ரிலிக் முகத்தை 120ஆம் எண் தாளால் சொரசொரப்பாக்கி, தூசு ஊதிவிட்டு ஒட்டுங்கள். எபாக்ஸி வெளியே வழியும் அளவுக்குக் கிளாம்பை இறுக்காதீர்கள், நடுவில் ஒரு மெல்லிய படலம் நிற்க வேண்டும்.

இனி தூசு. ஒரு நாள் சிவப்பு மரத்தைத் தேய்த்து முடித்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை சிவப்பு. ரத்தம் என்று பதறிவிட்டேன், சாயம்தான். அன்றைக்குத்தான் உறைத்தது, மூக்கில் நின்றது இவ்வளவென்றால் உள்ளே போனது எவ்வளவு என்று. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இலேயே சேர்த்துவிட்டது. சாயப்பொடியைக் கலக்கும்போதும் அதே கவனம் வேண்டும், சிலருக்கு அது மூச்சிரைப்பைக் கிளப்பும். முகத்தில் நன்றாகப் படியும் மாஸ்க், அதன்மேல் அக்ரிலிக் சில்லு தெறித்தாலும் தாங்கும் முகக்கவசம், லேத்துக்குப் பக்கத்திலேயே தூசு உறிஞ்சி, இவை மூன்றும் இல்லாமல் நான் இப்போது சுவிட்சைப் போடுவதில்லை. லேத் நின்றதும் மாஸ்க்கைக் கழற்றுவதையும் விட்டுவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத தூள்தான் வெகுநேரம் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்.